மூன்றாவது காலம்

நெடுவரிசை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.
திருமங்கலத்தில் எங்கள் பள்ளி ஆபீசில்
கணக்கேட்டுக் கோட்டுக்குப் பெயர்
இன்னமும் காலம்தான்.
முதல் காலத்தில் இந்த வருஷம்.
பக்கத்தில் நான்கு காலங்களைக்
காலியாக இழுத்துவிட்டு
மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷத்தோடு பத்து சதம் கூட்டு,
கமிட்டியில் வாசி, காராச்சேவு வரும்,
காசிராஜன் அண்ணாச்சி கையெழுத்துப் போடுவார்.
இருபத்தோரு வருஷமாக என் பட்ஜெட் அவ்வளவே.
மே மாதத்துக்கு அப்பால்
எனக்கு உலகம் கிடையாது.

நாலாவது காலத்துக்குப் பிள்ளைகள் வேண்டும்.
அங்கன்வாடிக்குப் போய்த் தலையை எண்ணினேன்.
இரண்டு வயசில் இருபத்தாறு.
ஒன்று என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது.
கப்பலூர்ப் பக்கத்து மஞ்சள் வேன்
பாதியை அள்ளிப் போகாதிருந்தால்
அது எங்கள் ஒன்றாம் வகுப்பு.
பதினெட்டு என்று எழுதினேன்.
அழித்துப் பதினாறு என்று எழுதினேன்.
காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

மகமை மூட்டைக்கு ஒரு ரூபாய்.
பஜாரில் மூன்று மண்டி ஷட்டர் இறக்கியாச்சு.
அந்த வரி வலப்பக்கம் போகப் போக மெலிந்தது,
வெயிலில் வைத்த வடகம் மாதிரி.

அப்போதுதான் வந்தது நன்கொடை.
அம்மா நினைவாக, சூரத்திலிருந்து ஒரு பழைய மாணவர்,
நாலு லட்சத்து எண்பதாயிரம்.
"ரெண்டு டீச்சர் போடுங்க" என்றார் அண்ணாச்சி.
எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.
தட்டிய கையோடு தாளை நீட்டினேன்:
இது ஒருதரம் வந்த பணம்,
சம்பளம் மாசாமாசம் வரும்.
"அஞ்சு வருஷத்துக்கு ஜோசியமாய்யா?"
ஜோசியம் பரிகாரமும் சொல்லும் அண்ணாச்சி,
இது வெறும் கூட்டல்.
சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது.

ஜூனில் சேர்ந்தவர்களில் ஒருத்தி கார்த்தீஸ்வரி.
கணக்கு டீச்சர். கள்ளிக்குடியிலிருந்து பஸ்.
ஆடி பிறப்பதற்குள் ஒரு ஃபாரத்தோடு வந்தாள்,
ஸ்கூட்டர் லோனுக்கு வருமானச் சான்று.
முப்பத்தாறு தவணை.
பணியின் தன்மை என்ற இடத்தில்
என் பேனா நின்றது.

கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினேன்.
திருப்பியிருக்கக் கூடாதோ என்னவோ.
ரெண்டு பேருக்கும் மாசம் பத்தாயிரம்,
அடுத்த வருஷம் ஆயிரம் உயர்வு,
மூன்றாவது காலம் முழுக்கச் சிவப்பு.
உதடு அசையாமல் வகுத்தாள்.
"ஏப்ரல் இருபத்தேழு" என்றாள்.
பெற்றவர்கள் கல்யாணத் தேதி சொல்வதுபோல
அவ்வளவு துல்லியமாக.
பிறகு,
"அந்த ஆயிரத்த ஏத்தாட்டி
மே முடிய வரும்ல, சார்?"

வரும்.
மூன்றாவது காலம் அப்போதும் சிவப்புதான்.

பெல் அடித்தது. ஏழாம் வகுப்பு 'பி'-க்குப் பின்னம் நடத்தப் போனாள்.
ஃபாரம் மேசையிலேயே கிடந்தது.
பழைய முறைப்படி இருந்திருந்தால்
இது எங்களுக்குத் தெரிய வருவது ஏப்ரல் இருபத்தாறு சாயங்காலம்.
இப்போது கையில் இருபத்தோரு மாசத்துச் சொச்சம் இருக்கிறது.
அதை என்ன செய்வது என்று
எந்தக் காலத்திலும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு
பருப்பு மண்டியில் அண்ணாச்சி முன்னால் நின்றேன்.
மூட்டைக்கு ஒன்றே முக்கால் என்றேன்.
தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார்.
"யாரு, அந்தக் கள்ளிக்குடிப் பிள்ளையா?"
வேறெதுவும் சொல்லவில்லை.

வாசலில் லாரி வந்து நின்றது.
அவர் பார்வை அங்கே போனது.
சுமைக்காரர் எண்ணத் தொடங்கினார்:
லாபம்...
ரெண்டு...
மூணாவது மூட்டையில் நின்று
தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.