மூடியில் ஒட்டிய டேப்

இருபது டிகிரியில் வை என்கிறது
பெட்டிக்குள் இருந்த தாள்.
திருப்பூர்ச் சித்திரைக்கு
அதை யார் வாசித்துக் காட்டுவது?

முதல் தடவை,
"ஆப்பிள் கழுவின தண்ணியாட்ட இருக்குது"
என்றார் சென்னியப்பன்,
கிளாஸை மட்டும் காலி செய்துவிட்டு.

இந்த முறை
பாகில் தண்ணீருக்குப் பதில் பாதி பழச்சாறு.
சர்க்கரை குறைத்தேன்.
துவர்ப்புக்கு, கேண்டீன் மாஸ்டரிடம் வாங்கிய டிக்காஷன்,
பால் விழுமுன்.
வாளியைச் சுற்றி
ரிஜெக்ட் ஆன பனியன் துணி, ஈரமாய்.
பகல் ஈரம் அவர் பொறுப்பு:
சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட்.
ராத்திரி ஈரம் என்னுடையது.

மூடியில் டேப் ஒட்டி எழுதிக்கொள்கிறோம்.
"காலை ஆறு. நிமிசத்துக்குப் பதினாலு குமிழி."
"சாயங்காலம் ஒம்பதுதான். ஐஸ் பாட்டில் மாத்தியாச்சு. ரசம் அடுப்பு மேல."
செக்கிங் டேபிளில் பீஸ் எண்ணும் வாய்
வீட்டிலும் எண்ணுகிறது.

பன்னிரண்டாம் நாள் குமிழி நின்றது.
புட்டியில் இரண்டு வாரம் போதும் என்கிறது தாள்.
அதை அடித்து எழுதியிருந்தார்:
"ரெண்டு மாசம். போன தடவ அவசரந்தான் கெடுத்துச்சு."

டேப்பின் கடைசியில், வேறு பேனாவில்,
"ஞாயித்துக்கெழம ஓவர்டைம் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

வாளியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
மூடியை இன்னும் கழுவவில்லை.