பார்வை மகஜர்

முதுநகர் ஐஸ் கம்பெனி மாடியில்
எனக்கொரு அறை உண்டு.
ஸ்டேஷனுக்குத் தெரியாது, வீட்டுக்கும்.
மாதம் எண்ணூறு, ரசீது கிடையாது.
ஒரு மடக்கு நாற்காலி,
உப்பனாற்றைப் பார்த்த ஜன்னல்,
அம்மோனியா நெடி.

கையில் எடுத்த பிணங்களை
இங்கேதான் இறக்கி வைப்பேன்.
கீழே பாளம் பாளமாய் ஐஸ் உடைபட
மேலே ஒவ்வொரு பொய்யாய் உடைத்துப் பார்ப்பேன்.
விசைப்படகுகள் கிளம்புவதற்குள்
பெரும்பாலும் ஒரு பெயர் மிஞ்சும்.

இந்த முறை மிஞ்சவில்லை.
இறால் ஏஜென்ட் தணிகாசலம்,
பாலத்தடிச் சேற்றில் குப்புற.
சட்டைப்பையில் ஒரே ஒரு சாவி.
வீடு, குடோன், பீரோ,
எதற்கும் சேரவில்லை.
"எங்கேயோ போவாரு, சொல்லமாட்டாரு.
திரும்பி வந்தா சாந்தமா இருப்பாரு"
என்றாள் மனைவி.
எனக்குத் தெரிந்த சாந்தம்தான்,
தலையாட்டிக்கொண்டேன்.

நேற்றிரவு மாடிப்படியில் கரண்ட் இல்லை.
கைக்கு வந்த சாவியை நுழைத்தேன்,
திறந்தது.
கரண்ட் வந்த பிறகுதான்
கையைப் பார்த்தேன்.

நாற்காலி எப்போதும்
நான் விட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளி
ஜன்னலோரம் இருக்கும்.
என் ஞாபகப் பிசகு என்றிருந்தேன்.
ஓனர் பாவாடைராயன்
பகலை அவருக்கும் இரவை எனக்கும்
வாடகைக்கு விட்டிருக்கிறான்.

சுண்ணாம்புச் சுவரில், தோள் உயரத்தில்,
நான்கு விரல் கீறல்.
புதிது.

எதையும் தொடாமல் வெளியே வந்து
படியில் உட்கார்ந்து எழுதினேன்.
சம்பவ இடம்:
இதுவரை யாருக்கும் சொல்லாத முகவரி.
அறையைப் புழங்கியவர்கள்: இருவர்.
அவர் பெயருக்குக் கீழே
என் பெயர்.