மணல் மூட்டைகள் ஏறிய டிராம்

முதலில் வந்தது மஞ்சள் சாயம்.
ஒரு பையன் குனிந்தபடியே தெரு முழுக்க நடந்து
என் கடை வாசலில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.
இங்கே என்ன வரும் என்று கேட்டேன்.
ஒன்றும் வராது, செனோரா,
வராத இடத்துக்கும் குறி போட வேண்டும் என்றான்.

பதினெட்டு மாதம் என்றது பலகை.
பலகை வெளுத்து, துருப்பிடித்து,
ஒரு ஆகஸ்டுக் காற்றில் குப்புற விழுந்தபோதும்
தண்டவாளம் மருந்துக்கடையைத் தாண்டியிருக்கவில்லை.

நான் சாவி வெட்டுகிறவள்.
என் இயந்திரத்தின் கீச்சுக்குத்தான்
குவென்காவில் இந்தத் தெரு முன்பெல்லாம் பல் கூசும்.
துளைபோடும் எந்திரங்கள் வந்த பிறகு
நான் வெட்டுவது எனக்கே கேட்கவில்லை.
விரல் நுனியால் கேட்கப் பழகினேன்.

பழைய கற்களை ஒவ்வொன்றாய்ப் பெயர்த்து
சுண்ணக்கட்டியால் எண் போட்டு அடுக்கினார்கள்,
அதே வரிசையில் திரும்பப் பதிப்பார்களாம்.
அன்று மாலையே மழை.
மறுநாள் எல்லாக் கல்லும் வெறும் கல்.

குழிக்கு மேல் இரண்டு பலகை, அதுதான் நடைபாதை.
மணப்பெண் உடை வாடகைக்கு விடும் ஓபந்தோவின் கடையிலிருந்து
ஒருத்தி வெள்ளைப் பாவாடையை மார்புவரை சுருட்டிக்கொண்டு
அந்தப் பலகையில் நடந்து வந்தாள்.
எதிர்ப்பக்கம் அவள் மாமியார் சிலுவை போட்டபடி.
அதற்குப் பிறகு அங்கே யாரும் போய் நான் பார்க்கவில்லை.

கடை மூடினால் கட்டட உரிமையாளர் பூட்டை மாற்றுவார்.
பூட்டை மாற்றினால் என்னிடம்தான் வர வேண்டும்.
ஓபந்தோவின் பூட்டு.
ரொட்டி சுட்ட எர்மெலின் பூட்டு, உள்ளே மாவு அடைத்திருந்தது.
செருப்பு விற்ற சொய்லா கிஸ்பேயுடையது இரண்டு.
அந்த வருடம் எனக்கு நல்ல வியாபாரம்.
சொல்லக் கூசுகிறது.
கணக்குப் புத்தகத்துக்குக் கூச்சமில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை யாருமே வேலைக்கு வரவில்லை.
நிறுவனம் போய்விட்டது என்றார்கள்.
ஸ்பெயினிலிருந்து வந்திருந்த பொறியாளர்
தகரக் கொட்டகைக்கு மாற்றுச்சாவி கேட்டிருந்தார்,
வெட்டி வைத்திருந்தேன்.
ஆணியில் பதினொரு மாதம் தொங்கியது.
கான்கிரீட் தளத்தில் சொய்லா மக்காச்சோளம் காயவைத்தாள்.
அவ்வளவு சமமான இடம் இந்த மலையூரில்
வேறெங்கும் கிடைக்காது என்றாள்,
சிரிக்கிறாளா என்று சரியாகத் தெரியவில்லை.

இரண்டாவது நிறுவனம் சாவி கேட்கவில்லை.
கொட்டகைப் பூட்டை அறுத்தே எடுத்தார்கள்.

ஒரு நள்ளிரவில் அது வந்தது.
விளக்கெல்லாம் எரிய, ஆளே இல்லாமல்.
இருக்கைகளில் மணல் மூட்டைகள்,
மனித எடைக்குப் பதிலாம்.
மேல்மாடிச் சன்னலில் போர்வையோடு நின்று பார்த்தேன்.
முன்வரிசையில் சாய்ந்திருந்த பருத்த மூட்டை எர்மெல்.
கதவோரம் நிமிர்ந்து நின்றது ஓபந்தோ.
நடுவில் சரிந்து கிடந்தது யாரென்று புரிவதற்குள்
வளைவில் திரும்பிவிட்டது.

மக்களை ஏற்றிய முதல் நாள் நானும் ஏறினேன்.
புது ரப்பர் வாசனை.
ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்,
தேவாலயம் என்று நினைத்தாரோ என்னவோ.
என் கடையைப் பார்க்கவென்றே சன்னலோரம் நின்றேன்.
மருந்துக்கடை தெரிந்தது.
பிறகு ஒரு கதவு.
பிறகு வங்கி.
அந்தக் கதவுதான்.

ஓபந்தோவின் இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறான் ஒருவன்.
நேற்று சாவிக்கு இரண்டு நகல் கேட்டான்.
வெட்டும்போது டிராம் கடந்தது.
சத்தமே இல்லை அதற்கு.
என் இயந்திரம் மட்டும் தெரு முழுக்கக் கத்த,
கன்னத்தைப் பொத்திக்கொண்டு
பல் கூசுகிறது செனோரா என்றான்.