சிவப்பு அம்பு

சனிக்கிழமை அரைநாள் வேலை.
இரத்மலானையில் ஏறி
நூறாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடியே வந்து
பம்பலப்பிட்டியில் இறங்கினேன்.
மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன்.
நுழைவு இலவசம் என்றும் எழுதியிருந்தது.
இரண்டும் காரணம்.

துணி அருங்காட்சியகம்.
ஏசிக் குளிர், மங்கல் வெளிச்சம்.
கண்ணாடிக்குள் சீலைகள்
ஒருவர் இடுப்பிலும் இல்லாமல்
தாமாக நின்றன.

என் வேலை பிழை பிடிப்பது.
ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை:
காலர், பட்டி, பொத்தான் துளை,
வெட்டாமல் விட்ட நூல்.
பிழை கண்ட இடத்தில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
ஒரு சுருள் எப்பவும் கைப்பையில் கிடக்கும்,
பனடோலோடும் பஸ் சில்லறையோடும்.

ஆகவே மூன்றாவது பெட்டியில்
நான் கண்டது அழகை அல்ல.
கரையிலிருந்து நாலு விரல் தள்ளி
ஓர் ஊடை இழை
மேலே போகவேண்டிய இடத்தில் கீழே போயிருந்தது.
நெய்தவரை அந்த நேரம் யாரோ கூப்பிட்டிருக்கலாம்.
பால் பொங்கியிருக்கலாம்.
சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து
பிழையைக் கண்டும்
போகட்டும் என்று விட்டிருக்கலாம்.
எங்கள் லைனில் அது நடக்காது.
எங்கள் லைனில் ஒருவருக்கும் பால் பொங்காது.

கீழே மூன்று மொழியில் குறிப்பு.
தமிழில் 'பறுத்தி' என்றிருந்தது.
கை தானாகப் பைக்குள் போயிற்று.

"மிஸ், கண்ணாடியில ஒண்டும் ஒட்டக்கூடாது."
காவலர். துவான் ஸஹீர் என்று சட்டையில் பெயர்.
அந்தச் சட்டையின் இடது தோள் தையல்
அரை அங்குலம் முன்னுக்கு இழுத்திருந்தது.
அதைச் சொல்லவில்லை.
ரகரத்தையும் றகரத்தையும் பற்றித்தான் சொன்னேன்.
"மூணு வருஷமா நானும் சொல்றேன்.
நீங்களும் எழுதிக் குடுங்க"
என்று ஒரு கொப்பியை நீட்டினார்.

எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்
வேறொரு பட்டியல்.
மாதத்தின் இரண்டாம் சனி, பழுதுபார்க்கும் மேசை.
கிழிந்ததைக் கொண்டு வாருங்கள், ஊசி நாங்கள் தருவோம்.
பெயரை எழுதினேன்.
ஏனென்றால்,
பேனை கையில் இருந்தது.

ஒக்டோபர். பின் மண்டபம், நீள மேசை.
குடையோடு பெனடிக்ற்.
மகனின் கிரிக்கெட் கால்காப்போடு ஒரு தாய்.
அயன்பெட்டி மூன்று இடத்தில் சுட்ட விரிப்போடு
கோட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர்.
சிங்களத்தில் கேட்டால் தமிழில் பதில் வரும்,
தமிழில் கேட்டால் கத்தரிக்கோல் வரும்.
வேலை முடிந்து ஸஹீரும் வந்தார்,
பெனியனோடு,
அதே சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு.

ஹிமாலி கொண்டுவந்தது ஒரு தலையணை உறை.
நடுவில் இரண்டு ரூபாய்க் குற்றியளவு பொத்தல்.
துவைக்காதது. கிட்டப் போனால் தெரிந்தது,
பவுடர், வியர்வை, ஏதோ தைலம்.
நூல் கோத்து நீட்டினேன்.
"மூட வேணாம்" என்றாள்.
"பெரிசாகாம இருந்தாப் போதும்."
அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான்.
யாருடையது என்று மேசையில் ஒருவரும் கேட்கவில்லை.
பெனடிக்ற் குடையை விரித்தார், மடக்கினார்.

பொத்தலென்றால் மூடுவேன்,
இல்லாவிட்டால் தள்ளிவிடுவேன்.
இடையில் ஒரு வேலை இருப்பது எனக்குத் தெரியாது.
விளிம்பைச் சுற்றி
பொத்தான் துளைக்குப் போடுகிற தையலைப் போட்டோம்,
அவள் பாதி, நான் பாதி.
என் பாதி மிஷின் போட்டதுபோல்.
அவள் பாதி
வெறுங்காலோடு யாரோ நடந்து போனதுபோல்.
முடிந்ததும் உறைக்குள் கைவிட்டு
பொத்தலால் ஒரு விரலை நீட்டி ஆட்டினாள்.
முதலில் சிரித்தது யாரென்று ஞாபகமில்லை.

திங்கட்கிழமை
பதினேழு சட்டை திருப்பி அனுப்பினேன்.
ஒன்றையும் மன்னிக்கவில்லை.
பின்னேரம் பஸ்ஸில் சில்லறை துழாவியபோது
அம்புச் சுருள் அவிழ்ந்து
பையின் உள்பக்கமெல்லாம் ஒட்டிக் கிடந்தது,
பனடோல் அட்டையில் ஒன்று,
அடையாள அட்டையில், என் முகத்தைக் காட்டி, ஒன்று.
கொண்டக்டர் அதைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன். உரிக்கவில்லை.

நவம்பரில் போனபோது
பறுத்தி பறுத்தியாகவே இருந்தது.
ஸஹீரின் தோள் மட்டும் நேராகியிருந்தது.