தொண்ணூற்றொன்று

கொக்குவில் அலுவலகத்தில் கரண்ட் வந்ததும்
கணினி சலிக்கத் தொடங்குகிறது
பன்னிரண்டாயிரம் பெயர்களை:
பழைய ரசீதுகள், தேர் உபயம்,
பள்ளிக்கூட நூற்றாண்டு மலர்,
நல்லூர்த் திருவிழாவுக்கு யார் யார் வந்துபோனது.

டயாலிசிஸ் மெஷினுக்குக் கொடுக்கக்கூடியவர்கள்,
புள்ளி வாரியாக.

மூன்றாவது வரியில்
கு. நிமலரூபன், பேர்கன்.
தொண்ணூற்றொன்று.

பங்குக் கிணற்றடியில் வேலி
நாலு விரல் தள்ளிப்போனதும்
அம்மாவின் செத்தவீட்டில்
முகம் திருப்பி நின்றதும்
கணக்கில் இல்லை.
அதற்கொரு நிரல் போடவில்லை யாரும்.

கடிதம் ஏற்கெனவே அடித்து வைத்தது,
பெயருக்கு மட்டும் இடைவெளி.
ஒன்பது வருடத்துக்குப் பிறகு
என் அண்ணனுக்கு எழுதினேன்:
மதிப்புக்குரிய ஐயா.

மூன்றாம் நாள் காசு விழுந்தது.
கூடவே இரண்டு வரி:

ரசீதில பேர் வேண்டாம்.
எங்கட கிணத்தில தண்ணி இருக்கோ?