சிவப்பு என்றால் படகு இல்லை

டோர்ஸ்ஹவுன் துறைமுக அலுவலகத்தின் மேல்மாடி.
பிப்ரவரிக் காற்று கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருக்க
ரான்வா திறந்து பார்த்தாள்
பதினோரு வருடத்துப் படகு அறிவிப்புகளை.

எல்லாம் த்ரோண்டுர் தட்டியவை.
தலைப்பை நடுவில் நிறுத்த
முப்பத்திரண்டு முறை ஸ்பேஸ்பார்.
அட்டவணைக்குள் அட்டவணை,
அதற்குள் இன்னொன்று,
அந்தக் கடைசி அறையில்
எதற்கென்றே தெரியாமல்
கட்டைவிரல் நகமளவு
ஒரு கலங்கரை விளக்கின் படம்.

"எது சொல்வது, எது உடுத்துவது
ஒன்றும் புரியவில்லை" என்றாள்
காப்பி இயந்திரத்திடம்.

பிறகு பிரித்தாள்.
தீவு ஒரு கட்டம். நாள் ஒரு கட்டம்.
நேரம். படகின் பெயர்.
நிறமும் எழுத்துருவும் ஓரத்து வெற்றிடமும்
வேறொரு கோப்பில், வேறொரு வீட்டில்.
நாளைக்கே நீலம் சலித்துப்போனால்
அங்கே ஒரு வரி மாற்றினால் போதும்,
நாலாயிரம் பக்கமும் பச்சையாகும்;
எந்தப் படகும் ஒரு நிமிடம் பிந்தாது.
வியாழன் இரவு
பழைய பக்கங்களை உரித்துக் கொட்டிவிட்டு
சீட்டியடித்தபடி விளக்கை அணைத்தாள்.

திங்கள் காலை ஏழு நாற்பது.
ஸ்கூவோய்த் துறையில் ஒன்பது பேர்,
அதில் பல்வலியோடு ஒரு தச்சன்.
வேனுக்குள்
விலைபேசி முடித்த ஒரு கிடா.
அலை வந்தது, போனது, வந்தது.
படகு வரவில்லை.

ஏழு நாற்பதை த்ரோண்டுர்
சிவப்பாக்கித்தான் வைத்திருந்தார்.
ரத்து என்றொரு சொல்லை
பதினோரு வருடத்தில் அவர் எங்குமே எழுதியதில்லை.
சிவப்பு என்றால் இல்லை.
சாம்பல் என்றால் மூடுபனி, உறுதியில்லை.
சாய்ந்த எழுத்து என்றால்
கேப்டனுக்கு மனமிருந்தால்.
தீவில் பல் முளைக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.

"சிவப்பு ஒரு சொல் இல்லை" என்றாள் ரான்வா.
"போன வாரம்வரை சொல்லாகத்தான் இருந்தது" என்றார்,
ஈரக் கையுறையைக் கழற்றாமலே.

பொருள் என்று எதைச் சொல்கிறோம்?
படகில் ஏற்றுவதையும் அப்படித்தான் சொல்கிறோம்,
சொல்லில் ஏறுவதையும்.
பையில் இருந்ததை எடுக்காமல்
சட்டையை வெளுக்கப் போட்டாயிற்று.

மதியம் முழுக்க இருவரும் பேசவில்லை.
மாலையில் ஒரு புதுக் கட்டம் பிறந்தது: நிலை.
ஓடும். ஓடாது. தெரியாது.
"நாலாவது?" என்றார்.
கேப்டனின் மனதுக்கு வெகுநேரம் சொல் தேடி
துறைக்கு வந்து பாருங்கள்
என்று வைத்தாள்.
இனி நிலையைப் பார்த்து
நிறம் தானாக உடுத்திக்கொள்ளும்.
சிவப்பு அவருக்குத் திரும்பக் கிடைத்தது,
கொஞ்சம் வெளிறி.

புதன்கிழமை தொலைபேசி.
ஸ்கூவோயின் வடக்கு வீட்டிலிருந்து எல்ஸ்பா.
கண் தெரியாதவள்;
பக்கங்களை ஒரு இயந்திரக் குரல்
அவளுக்கு வாசித்துக் காட்டும்.

"இன்றைக்கு அது ஓடாது என்றது.
இதற்கு முன்னால் அப்படிச் சொன்னதே இல்லை.
நேரத்தை மட்டும்தான் சொல்லும்."
"அப்போதெல்லாம் என்ன செய்வீர்கள்?"
"இறங்கிப் போய் நிற்பேன்.
இன்ஜின் சத்தம் கேட்காவிட்டால்
இல்லை என்று தெரிந்துகொள்வேன்.
இருபது நிமிஷ நடை.
திரும்பும்போது மேடு."

ஒலிபெருக்கி திறந்தே இருந்தது.
த்ரோண்டுர் சன்னலோரம் போய்
கழற்றிய கையுறையை
மறுபடி மாட்டிக்கொண்டார்.

மிச்சமிருந்தது கலங்கரை விளக்கு.
நேரமில்லை, நிலையில்லை,
அலங்காரம் என்று சொல்ல
அழகாகவும் இல்லை.
"இது எதற்கு?"
"இருக்கட்டும்."

மேலே அவள் கேட்கவில்லை.
பெயரில்லாத ஒரு கட்டம் திறந்து
அதை உள்ளே வைத்தாள்.
இந்தக் கட்டம் கட்டாயமா, விருப்பமா
என்று கேட்டது கணினி.

அவர் முதுகைக் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு
கட்டாயம்
என்று தட்டினாள்.