கிலோ விலை

மந்திரியின்ர மூக்கைப் பிடிக்க
ஒன்பது தாள் கிழிச்சன்.
இடப்பக்கம் மெல்லிய கோணல்,
பொய் சொல்லேக்கை விரியிற ஓட்டை.
அச்சில வந்த அண்டு
கஸ்தூரியார் வீதித் தேத்தண்ணிக் கடை
முழுக்கச் சிரிச்சுது.

பழைய இரும்புக்காரரை
ஒரே இழுப்பில கீறினன்:
தொப்பி, தாடி, வயிறு,
தண்டவாளத்தையும் சுருட்டிக்கொண்டு போற சாக்கு.
அதுக்கும் சிரிச்சினம்.

செவ்வாய்க்கிழமை மஹ்ரூப் வந்தார்,
கந்தோர்ப் பழைய பேப்பர் எடுக்க.
மெலிஞ்ச மனுசன். தாடி இல்லை.
கட்டேக்கை, மேலே கிடந்த தாளில
கை நிண்டுது.

"இது ஆர் தம்பி?"

"ஒருத்தருமில்லை. சும்மா ஒரு பகிடி."

அடுத்த தாளில மந்திரி.
அவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"இவருக்கு மட்டும் முகம் தேடியிருக்கிறீங்க."

பிறகு தராசைத் தூக்கினார்.
பதினொரு கிலோ.
காசை எண்ணி மேசையில வைச்சார்,
நான் எண்ணிப் பார்க்கிற வரைக்கும் நிண்டார்.

எங்களுக்கு வால் வைச்சுக் கீறின
கொழும்புப் பேப்பர் ஒண்டு
இருபது வருசமா என்ர லாச்சிக்குள்ள கிடக்கு,
நாலாய் மடிச்சபடி.
அதை அவர் கேட்டிருந்தாலும்
விலைக்குக் குடுத்திருக்க மாட்டன்.